மூன்றாம் பெஞ்சுக்குத் திரும்பிய தாள்

காகிதபுரம்

அந்த விடைத்தாள் பிறந்தது கரும்புச் சக்கையிலிருந்து. சர்க்கரை ஆலைகள் சாறு பிழிந்து ஒதுக்கும் சக்கையை வாங்கிக் கூழாக்கி, வெளுத்து, தாளாக்கும் டி.என்.பி.எல். ஆலை கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கிறது. 1979-ல் மாநில அரசு தொடங்கிய நிறுவனம் அது. சக்கையில் காகிதம் செய்யும் உலகின் பெரிய ஆலைகளுள் ஒன்று. அங்கிருந்து சென்னைக்கு லாரி ஏறிய ரீம்களில் ஒன்று பாரிமுனைக்கு வந்தது. காகிதக் கடைகளும் அச்சகங்களும் நெருக்கியடித்து நிற்கும் ஆண்டர்சன் தெருவில் வெட்டுப்பட்டு, அச்சேறி, கட்டுக்கட்டாக ஆவடிப் பக்கமிருந்த எங்கள் கல்லூரி ஸ்டோர் ரூமில் இறங்கியது.

நான் அங்கே இயந்திரவியல் துறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் 1990-களிலிருந்து பொறியியல் கல்லூரிகள் வரிசையாக எழுந்தன. ஆவடியில் செயின்ட் பீட்டர்ஸ், வேல்டெக், சூரப்பட்டில் வேலம்மாள், பூந்தமல்லியை ஒட்டி எஸ்.ஏ., பனிமலர் என்று காலையில் சாலையை நிறைக்கும் கல்லூரிப் பேருந்துகளைப் பார்த்தாலே அந்தப் பெயர்களைப் படித்துவிடலாம். பேருந்துகளின் நிறம்தான் வேறு. உள்ளே நடக்கும் இன்டர்னல் தேர்வும், அதன் விடைத்தாளும், அந்தத் தாள் போகும் பாதையும் எங்கும் ஏறக்குறைய ஒன்றே.

முகப்பு

நான் படித்த காலத்தில் விடைத்தாளின் முகப்பில் பெயர், பதிவெண், பாடம், மொத்த மதிப்பெண் என்று நான்கு கோடுகள் இருந்தன. 2023-ல் என் மேசைக்கு வந்த தாளின் முகப்பில் ஓர் அட்டவணையே இருந்தது. இடப்பக்கம் வினா எண்கள், மேலே சி.ஓ.1 முதல் சி.ஓ.5 வரை ஐந்து பத்திகள். எந்தக் கேள்விக்கு எத்தனை மதிப்பெண் என்பதோடு, அந்த மதிப்பெண் எந்தக் கற்றல் விளைவைச் சேர்ந்தது என்பதையும் ஆசிரியர் குறிக்க வேண்டும். பாடம் முடியும்போது மாணவருக்கு என்ன கைவந்திருக்க வேண்டும் என்று ஐந்து வாக்கியங்களில் முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் சி.ஓ. பெரும்பாலும் ஒரு யூனிட்டுக்கு ஒன்று.

இந்தக் கட்டங்களுக்கு நீண்ட பூர்விகம் உண்டு. 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதற்கு முன்மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். கல்லூரிகள் கற்பிக்கும், பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் தரும் என்பது ஏற்பாடு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சி.வை. தாமோதரம்பிள்ளை அதன் முதல் பட்டதாரிகளில் ஒருவர். கற்பிப்பவர் ஓரிடம், அளப்பவர் வேறிடம் என்ற அந்தப் பிரிவு இன்றுவரை தொடர்கிறது. இணைப்புக் கல்லூரி மாணவர் செமஸ்டர் முடிவில் எழுதும் தாளை யாரோ எங்கோ திருத்துகிறார். கற்பித்த கல்லூரிக்கு வந்து சேர்வது ஓர் எழுத்துத் தரம் மட்டும்.

அதன்மேல் இன்னொரு அடுக்கு 1989-ல் வந்தது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஆறு நாடுகளின் பொறியியல் தர அமைப்புகள் ஒருவர் பட்டத்தை மற்றவர் மதிப்பதென்று வாஷிங்டன் உடன்படிக்கை செய்துகொண்டன. எத்தனை மணி நேரம் வகுப்பு நடந்தது, எத்தனை கருவிகள் வாங்கினீர்கள் என்ற கேள்விகள் மெல்லப் பின்னுக்குப் போய், படித்து வெளியே வருபவரால் என்ன செய்ய முடிகிறது என்ற கேள்வி முன்னால் வந்தது. இந்தியாவில் 1994-ல் அமைந்த தேசிய தர அங்கீகார வாரியம், எல்லோரும் என்.பி.ஏ. என்று சொல்வது, 2014 ஜூனில் அந்த உடன்படிக்கையின் முழு உறுப்பினரானது. அதன் பிறகு ஆவடியில் ஒரு மாணவன் எழுதும் இன்டர்னல் தாளின் முகப்பிலும் கட்டங்கள் முளைத்தன.

நான் இந்தக் கட்டங்களுக்கு எதிரி இல்லை. மாணவனால் என்ன செய்ய முடிகிறது என்பதைவிட நல்ல கேள்வி ஆசிரியருக்கு இல்லை. என் கவலை, அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில் யாரிடம் போய்ச் சேருகிறது என்பதில்.

தேர்வுக்கூடம்

2023 செப்டம்பர், ஐந்தாம் செமஸ்டர், மெட்ராலஜி. அளவியல் என்று தமிழில் சொல்லலாம். எதை, எதைக்கொண்டு, எவ்வளவு நம்பி அளக்கலாம் என்று சொல்லித்தரும் பாடம்.

வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே சி.ஓ. எண்ணும், கே1 முதல் கே6 வரை ஒரு குறியும் இருக்கும். அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் குழுவினர் 1956-ல் வகுத்து, 2001-ல் திருத்தப்பட்ட படிநிலை அது: நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல், படைத்தல். 13 மதிப்பெண் கேள்வியை நான் இரண்டாகப் பிரித்திருந்தேன். சைன் பார் கொண்டு கோணம் அளக்கும் முறையைப் படத்துடன் விளக்குக: 8 மதிப்பெண், கே2. 45 டிகிரிக்கு மேல் சைன் பாரைப் பயன்படுத்தக் கூடாது என்பது ஏன்: 5 மதிப்பெண், கே4.

சைன் பார் என்பது இரு முனைகளிலும் ஒரே அளவு உருளை பொருத்திய எஃகுச் சட்டம். உருளைகளுக்கு இடையே 200 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முனைக்கு அடியில் 100 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஸ்லிப் கேஜ் என்னும் அளவுக் கட்டைகளை அடுக்கினால் சட்டம் சரியாக 30 டிகிரி சாய்ந்து நிற்கும். அடுக்கிய உயரத்தில் 0.01 மில்லிமீட்டர் பிழை வந்தால், 30 டிகிரியில் கோணம் சுமார் 12 செகண்ட் தவறும். ஒரு டிகிரிக்கு 3600 செகண்ட். அதே பிழை 75 டிகிரியில் வந்தால் தவறு சுமார் 40 செகண்ட். கருவி அதுவே, பிழையும் அதுவே. நிமிர நிமிர அதன் நம்பகம் குறைகிறது. மாணவர்கள் இதைக் கண்டுகொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் அந்தக் கேள்வியை வைத்தேன்.

மூன்றாம் பெஞ்ச் ஓரத்தில் உட்காரும் மாணவன் ஒருவன். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, தொழிற்கல்வியில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021-ல் வந்தபோது முதல் தொகுப்பில் சேர்ந்தவன். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டுகிறார். சைன் பார் படத்தை அவன் அச்சு மாதிரி வரைந்திருந்தான். முறையை இங்கிலீஷில் தட்டுத்தடுமாறி எழுதியிருந்தான். 45 டிகிரி கேள்விக்கு எண்ணை மட்டும் போட்டுவிட்டு, கீழே அரைப்பக்கத்தை வெற்றாக விட்டிருந்தான்.

ஸ்டாஃப் ரூம்

அறுபது தாள்களை இரண்டு இரவுகளில் திருத்தினேன். மதிப்பெண் பதிவேற்றக் கடைசி நாள் நெருங்கியிருந்தது. அவனுக்குப் படப் பகுதியில் 7, வெற்றிடத்துக்கு 0, அதே சி.ஓ.வைச் சேர்ந்த இரண்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டிலுமாக 3. மொத்தம் 17-க்கு 10. தாளில் நான் ஒரு சொல்கூட எழுதவில்லை. சிவப்பு எண்கள் மட்டும்.

ஏன் சொல் முக்கியம் என்பதற்கு ஆராய்ச்சி உண்டு. ரூத் பட்லர் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், தாளில் குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் அடுத்த முயற்சியில் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்ந்து பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. எண்ணைப் பார்த்ததும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. பத்தாண்டு கழித்து, 1998-ல், லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் சுமார் 250 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அளவீட்டின் பலன் கற்பித்தலை மாற்றும்போதுதான் கற்றல் உயர்கிறது என்று எழுதினார்கள். இதையெல்லாம் நான் பயிற்சி முகாம்களில் கேட்டிருக்கிறேன். அந்த இரண்டு இரவுகளிலும் செய்யவில்லை.

எக்ஸெல்

தாள் இனி எண்ணாக மாறிப் பயணம் செய்கிறது. எக்ஸெல் கோப்பில் ஒரு வரிசை அவனுடையது. இலக்கு 60 சதவீதம். 17-க்கு 10.2 வேண்டும். அவன் வாங்கியது 10. கட்டம் சிவப்பானது.

வகுப்பில் 60 பேரில் 44 பேர் இலக்கைத் தாண்டியிருந்தார்கள். 73 சதவீதம். 60 சதவீதம் பேர் தாண்டினால் நிலை 1, 70 என்றால் நிலை 2, 80 என்றால் நிலை 3 என்பது பல கல்லூரிகளில் புழங்கும் கணக்கு. ஆக நிலை 2. இதோடு பல்கலைக்கழகத் தேர்வு சேர வேண்டும். 2021 விதிமுறைப்படி இன்டர்னலுக்கு 40, செமஸ்டர் தேர்வுக்கு 60. அங்கே முடிவு நிலை 1 என்றால் 0.4 மடங்கு 2, 0.6 மடங்கு 1, கூட்டினால் 1.4. ஆனால் பல்கலைக்கழகம் கேள்விவாரியாக மதிப்பெண் அனுப்புவதில்லை. வரும் ஒற்றைத் தரத்தை ஐந்து சி.ஓ.க்களுக்கும் ஒரே மாதிரி போட்டுக்கொள்கிறோம். எந்த யூனிட்டில் மாணவர்கள் தடுக்கி விழுந்தார்கள் என்று அந்தப் பெரிய தேர்வு எங்களுக்குச் சொல்வதே இல்லை.

அந்த 1.4 பிறகு மேலேறுகிறது. ஒவ்வொரு சி.ஓ.வும் பட்டப் படிப்பின் பொது விளைவுகளோடு, அதாவது பி.ஓ.க்களோடு, 3, 2, 1 என்று வலுவுக்கேற்ப இணைக்கப்பட்டிருக்கும். அப்போது பி.ஓ. 12 இருந்தன. மறு ஆண்டு வந்த புது வடிவத்தில் 11 ஆயின. பொறியியல் அறிவோடு இணைப்பு 3 என்றால் 1.4 அப்படியே போகும். சிக்கலைப் பகுத்தாய்தலோடு இணைப்பு 2 என்றால் 0.93. நான்கு ஆண்டுப் பாடங்கள் எல்லாவற்றின் எண்களும் சேர்ந்து சராசரியாகி, துறையின் சுய மதிப்பீட்டு அறிக்கையில் ஒரு பட்டை வரைபடமாக நிற்கும்.

ஒருநாள் அந்தக் கோப்பில் விளையாட்டாக அவன் பூஜ்யத்தை 5 ஆக்கிப் பார்த்தேன். அவனது கட்டம் பச்சையானது. 44 என்பது 45 ஆனது. 75 சதவீதம். நிலை 2 அசையவில்லை. 1.4 அசையவில்லை. பட்டை வரைபடத்தில் ஒரு புள்ளி நகரவில்லை. அவனுக்கு ஒரு கருத்து புரிந்ததா இல்லையா என்பது மேலே போன எந்த எண்ணுக்கும் ஒரு பொருட்டாக இல்லை. அன்று எனக்குத் தொண்டை அடைத்தது.

பாடி

கல்லூரியிலிருந்து வீடு திரும்பும் வழி பாடி. அங்கேதான் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு இருந்தது. தர நிர்வாகத்துக்கு ஜப்பான் தரும் டெமிங் விருதை 1998-ல் இந்தியாவிலேயே முதன்முதலாகப் பெற்றது. 2004-ல் அதே பாடியின் லூகாஸ் டி.வி.எஸ். பெற்றது. உலகத்தரத்தில் அளப்பது எப்படி என்று கற்க நாங்கள் வாஷிங்டன்வரை போக வேண்டியதில்லை. கூப்பிடு தூரத்தில் இருந்தது.

அந்தத் தொழிற்சாலைகளின் நெறி நான்கு சொல்: திட்டமிடு, செய், சரிபார், திருத்து. இதன் வேர் 1924-ல் வால்டர் ஷூவார்ட் வரைந்த கட்டுப்பாட்டு வரைபடத்தில் இருக்கிறது. இயந்திரம் கொடுக்கும் உருப்படிகளை அவ்வப்போது எடுத்து அளந்து புள்ளி வைப்பார்கள். புள்ளிகள் எல்லையைத் தாண்டினால் உருப்படியைத் திட்டுவதில்லை. இயந்திரத்தை நிறுத்தி, டூல் தேய்ந்ததா, செட்டிங் நகர்ந்ததா என்று பார்ப்பார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர்கூட முதல் உருப்படியை கேஜில் வைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்ததைப் போடுவார். ஆயிரம் உருப்படி கடைந்து முடித்து, ஆண்டுக் கடைசியில் அளந்து, சராசரி எடுத்து அறிக்கை எழுதினால் அந்தப் பட்டறை மறுநாள் திறக்காது.

என்.பி.ஏ.யின் படிவமும் இதை மறக்கவில்லை. அப்போது புழக்கத்திலிருந்த இணைப்புக் கல்லூரிகளுக்கான 1000 மதிப்பெண் படிவத்தில் விளைவுகளை அளப்பதற்கு 120, தொடர் முன்னேற்றத்துக்கு 50. இலக்கை எட்டாத இடத்தில் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று ஒரு பத்தி கேட்கும். நாங்கள் அதில் வழக்கமாக எழுதுவது: கூடுதல் வகுப்பு நடத்தப்பட்டது, ஒப்படைப்பு கொடுக்கப்பட்டது. பாடியில் சரிபார்த்தலுக்குப் பின் வரும் நான்காவது சொல், எங்கள் துறையில் ஒரு வாக்கியமாகச் சுருங்கியிருந்தது.

மூன்றாம் பெஞ்ச்

தாள்களைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அதுவும் அவன் வந்து கேட்டதால். “மேம், பேப்பர் எப்ப மேம் தருவீங்க?”

மேசையிலிருந்து மூன்றாம் பெஞ்சுக்குப் பத்தடி இருக்கும். காகிதபுரத்திலிருந்து ஆவடிவரை நானூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் வந்த தாள் அந்தப் பத்தடியைத் தாண்ட மூன்று வாரம் எடுத்துக்கொண்டது. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வெற்றிடத்தைக் காட்டி, “இதை ஏன் விட்டுட்டப்பா? தெரியலையா?” என்றேன்.

“தெரியும் மேம். எழுத வரல.”

“தமிழ்ல சொல்லு.”

கொஞ்சம் தயங்கினான். பிறகு எழுந்து, கையிலிருந்த ஸ்கேலைச் சுவரில் சாய்த்துக் காட்டினான். “ஏணி மாதிரி மேம். படுத்தாப்ல இருக்கும்போது கொஞ்சம் தூக்கினாலே உச்சி நல்லா மேல ஏறும். நிமிர்ந்து நிக்கும்போது கொஞ்சம் சாய்ச்சாலும் உச்சி ஏறக்கொறைய அங்கயேதான் இருக்கும். அப்ப உயரத்தை வெச்சு சாய்வை எப்படி மேம் சரியா சொல்றது? துளி தப்பு பண்ணாலும் கோணம் எங்கயோ போயிடும்ல.”

நான் பாடப் புத்தகத்தில் பார்த்த எந்த விளக்கத்தைவிடவும் அது தெளிவு. கே4 என்று நான் குறித்த பகுத்தாய்வு அவனிடம் இருந்தது. அதற்கு அவனிடம் இங்கிலீஷ் இல்லை. என்னிடம் பொறுமை இல்லை. சிவப்புக் கட்டம் அறியாமையைக் காட்டியதாக நான் நினைத்திருந்தேன்.

அன்று மாலை அறுபது பேரின் மதிப்பெண்ணையும் கேள்விவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். 45 டிகிரி கேள்வியைப் பாதி வகுப்புக்கு மேல் தொடவே இல்லை. இலக்கைத் தாண்டிய 44 பேரிலும் பலரைத் தூக்கி நிறுத்தியது படமும் இரண்டு மதிப்பெண் வினாக்களும்தான். நிலை 2 என்ற எண்ணுக்கு அடியில் நான் சரியாக நடத்தாத ஒரு வகுப்பு ஒளிந்திருந்தது. தேய்ந்திருந்தது டூல். அதாவது என் கற்பித்தல்.

பிழையைக் கண்ட இடத்திலேயே திருத்துவது இந்தச் சென்னைக்குப் புதிய பாடமும் இல்லை. 1789 முதல் 1796 வரை எழும்பூரில் ராணுவ அநாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்கே தெருப்பள்ளியில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதுவதையும், தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித்தருவதையும் பார்த்துப் பின்பற்றினார். 1797-ல் அதைப் புத்தகமாக்கினார். மெட்ராஸ் முறை என்று அது உலகம் சுற்றியது. மணலில் எழுதிய எழுத்து தப்பென்றால் அந்தக் கணமே தெரியும். கையால் அழித்து, அடுத்த கணமே மறுபடி எழுதலாம். பிழைக்கும் திருத்தத்துக்கும் நடுவே இருந்த தூரம் ஒரு கை அகலம். மணல் தாளாகி, தாள் எண்ணாகி, எண் வரைபடமாகும்போது அந்தத் தூரத்தை நாம் வளர்த்துக்கொண்டே வந்திருக்கிறோம்.

பீரோ

தாளின் கதை அத்தோடு முடியவில்லை. ஒவ்வொரு தேர்விலும் நன்றாக, சுமாராக, குறைவாக எழுதிய மூன்று தாள்களின் நகல் கோர்ஸ் ஃபைலில் இருக்க வேண்டும். சுமாருக்கு அவனுடையதை எடுத்தோம். டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வெள்ளம் புகுந்து, அவன் அப்பாவின் பட்டறையில் லேத் மோட்டார் தண்ணீரில் நின்றது. பல்கலைக்கழகத் தேர்வுகள் தள்ளிப்போயின. எங்கள் துறை பீரோவின் கீழ்த்தட்டில் பழைய கட்டுகள் நனைந்து உப்பின. மேல்தட்டில் இருந்ததால் அவன் தாளின் நகல் தப்பியது. மூலத்தாள் அவனிடமே இருந்தது. வெற்றிடத்தில் அவனே தமிழில் பதிலை எழுதி, பக்கத்தில் ஓர் ஏணி வரைந்துவைத்திருந்தான். நான் இங்கிலீஷாக்கிக் காட்டியதும் அதன்கீழ் அதையும் எழுதிக்கொண்டான்.

செமஸ்டர் முடிவில், சைன் பார் அடங்கிய சி.ஓ.2-க்கு எதிரே, எடுத்த நடவடிக்கை என்ற பத்தியில் நான் கூடுதல் வகுப்பு என்று எழுதவில்லை. இப்படி எழுதினேன்: “சைன் பார் பாடத்தை இனி ஏணியிலிருந்து தொடங்குவது. தாள்களை ஐந்து வேலை நாளுக்குள் மாணவர் கையில் தருவது. விட்ட கேள்விக்குத் தமிழில் வாய்மொழியாகப் பதில் கேட்டு, பிறகு எழுதவைப்பது.”

2024-ல் அடுத்த தொகுப்பு வந்தது. முதல் நாள் ஆய்வகத்தில் சைன் பாரை எடுக்கும் முன், அட்டெண்டரிடம் கேட்டு ஏணியைக் கொண்டுவரச் சொன்னேன். மாணவர்கள் ஆளாளுக்குச் சாய்த்து, நிமிர்த்தி, உச்சியின் உயரத்தை டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டார்கள். ஏன் என்பதை நான் சொல்லவில்லை. அவர்களே சொன்னார்கள், முக்கால்வாசி தமிழில்.

செப்டம்பர் இன்டர்னலில் அதே 45 டிகிரி கேள்வியை வைத்தேன். புதிய ரீம், புதிய தாள், அதே கட்டங்கள். இரவு திருத்த உட்கார்ந்தபோது ஒரு தாளில் விடையின் ஓரமாகச் சின்னதாய் ஓர் ஏணி வரைந்திருந்தது. அடுத்த தாளிலும் ஒன்று. சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கட்டு முழுவதையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் ஏணிகள், படுத்தும் நிமிர்ந்தும்.